ஆறேகாலுக்கு அறுந்த படங்கள்

உக்காருங்க சார். அந்தச் சேர் வேண்டாம், ஒரு பக்கம் சாயும். இதுல உக்காருங்க. ரூம் சில்லுன்னுதான் இருக்கும், பொறுத்துக்கங்க. இந்த ஏசி மனுசனுக்குப் போட்டதில்ல, சர்வருக்குப் போட்டது. பதினாலு வருசமா அதோட மிச்சக் காத்துலதான் நானும் காலத்தை ஓட்டிக்கிட்டிருக்கேன்.

கரூர்லருந்தா வர்றீங்க? ஒரு ஆளைப் பத்தி விசாரிக்க திண்டுக்கல் வரைக்குமா? போன்ல கேட்டிருக்கலாமே. சரி, உங்க டாக்டர் நேர்ல போய்க் கேட்டுட்டு வான்னு அனுப்பியிருக்காரு. அதுவும் நியாயந்தான். ஸ்கேன் எடுக்குற ஆளு விசயம், எடுத்தோம் கவுத்தோம்னு சேத்துக்க முடியாது.

சகாயராணி. ம்.

என் பேரையா குடுத்தாங்க? அவங்களாவா? மேனேஜரை விட்டுட்டு "கம்ப்யூட்டர் பாக்குற சௌந்தரபாண்டி சாரைக் கேளுங்க, அவருக்குத் தெரியும்"னா சொன்னாங்க? பாத்தீங்களா சார். அவ்வளவு நடந்த பின்னாடியும் எம்மேல ஒரு மரியாதை இருக்கு பாருங்க. நாங்கூட அந்தம்மாவுக்கு என்மேல கோவம்னு நெனச்சுக்கிட்டிருந்தேன். போன ஆவணியில பஸ் ஸ்டாண்டுல பாத்தேன். நானாத்தான் கிட்டப் போனேன், "எப்பிடிம்மா இருக்கீங்க"ன்னேன். அவங்க திரும்பி, அங்க நின்ன பஸ்ல ஏறிட்டாங்க. அது கொடைக்கானல் பஸ். அவங்களுக்குப் பஞ்சம்பட்டி. அந்தப் பக்கமே போகாது அது. ஏதோ ஞாபகத்துல ஏறிட்டாங்க போல.

என்ன கேக்கணும், கேளுங்க. ஆமா, அதைத்தான் கேப்பீங்கன்னு தெரியும். பஸ்ஸைப் புடிக்கணும்னு, ஸ்கேன் படம் போய்க்கிட்டிருக்கும்போதே மெஷினை மூடிட்டுப் போற ஆளா, இல்லையா. இந்த ஊரு பூராம் அப்பிடித்தான் பேச்சு. மூணு எடத்துல வேலை கேட்டு, மூணு எடத்துலயும் இதைச் சொல்லித்தான் வேணாம்னுட்டாங்கன்னு நானும் கேள்விப்பட்டேன். உங்க எடமும் கை விட்டா அவ்வளவுதான், அந்தம்மா இந்தத் தொழிலையே விட வேண்டியதுதான். வீட்டுக்காரரு வேற எந்திரிச்சு நடமாட முடியாம இருக்காரு.

ஒரு வரியில சொல்ற விசயம் இல்ல சார் இது. டீ சொல்லட்டுமா? வேணாமா. சரி, கேளுங்க.

எங்க எடத்துல எப்பிடின்னா, படம் இங்க எடுப்போம். பாத்து ரிப்போர்ட் எழுதுற டாக்டரம்மா மதுரையில. சாயங்காலம் ஆறு மணிக்கு அன்னிக்கு எடுத்த படத்தையெல்லாம் மொத்தமா மதுரைக்கு அனுப்பணும். போய்ச் சேர அரைமணி ஆகும். சகாயராணி என்ன பண்ணுவாங்க, ஆறுக்குப் பட்டனை அமுக்குவாங்க. பச்சைக் கோடு ஒண்ணு ஓடும். அது ஓடுதான்னு கொஞ்ச நேரம் பாப்பாங்க. ஆறே இருபதுக்குப் பையை எடுத்துக்கிட்டு ஆறே நாப்பது பஸ்ஸுக்குக் கெளம்பிருவாங்க. பதினோரு வருசமா இப்பிடித்தான். ஒரு புகார் கெடையாது, அதையும் சொல்லிருறேன்.

போன மாசியில படம் போறது ஆமை வேகமாயிருச்சு. டாக்டரம்மா திட்டுறாங்க, மேனேஜர் என்னைய வெரட்டுறாரு, இன்டர்நெட் லைன்காரன் "எங்க பக்கம் எல்லாம் சரியாத்தான் இருக்கு"ங்குறான். அவன் என்னிக்கு சார் தன் பக்கம் தப்புன்னு சொல்லியிருக்கான்? அதனால நான் என்ன பண்ணேன், பாக்கெட்டைப் புடிச்சுப் பாத்துருவோம்னு முடிவு பண்ணேன்.

பாக்கெட்னா, படம் அப்பிடியே முழுசாப் போகாது சார். துண்டு துண்டாத்தான் போகும். ஒவ்வொரு துண்டுலயும் எங்கருந்து, எங்க, எத்தினியாவதுன்னு எழுதியிருக்கும். அந்தத் துண்டுதான் பாக்கெட். போற வழியில நின்னு ஒவ்வொண்ணையும் நகல் எடுத்து வச்சுக்கிட்டோம்னா, யாரு எங்க தாமதம் பண்றாங்கன்னு தெரிஞ்சுரும்.

ஆனா எங்க நிக்குறதுங்குறதுதான் இதுல வித்தை. ஒயர் மாட்டுற நெட்வொர்க் கார்டுல நின்னு பாத்தீங்கன்னா ஒண்ணும் புரியாது. அங்க வர்றதுக்குள்ள எல்லாத்தையும் பூட்டி முத்திரை வச்சுருவாங்க. நோயாளி படமில்லையா, வெளிய போறப்ப யாரும் பாக்கக் கூடாது. அந்தப் பூட்டுற வேலைக்குன்னு, சகாயராணி படம் அனுப்புற கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கார்டு இருக்கும். இருக்கும்னா, கையில தொட முடியாது. விர்ச்சுவல் கார்டும்போம். வெறும் டிரைவர்தான், ஒரு சின்ன மென்பொருள், கார்டு மாதிரி நடிக்கும். விண்டோஸும் அதை நெசக் கார்டுன்னு நம்பிக்கிட்டுப் படத்தை அதுகிட்டக் குடுக்கும். கவரை ஒட்டுறதுக்கு முன்னாடி லெட்டர் இருக்குமில்ல, அந்த மாதிரி அங்க எல்லாம் தெறந்து கெடக்கும். நான் அந்தக் கார்டு மேல என்னோட டிரைவர் ஒண்ணை ஏத்தி உக்கார வச்சேன். உள்ள வர்ற, வெளிய போற ஒவ்வொரு துண்டையும் பாத்து எழுதிக்கிட்டே இருக்கும். இந்த ஊர்ல எத்தினி பேருக்கு சார் அதைச் செய்யத் தெரியும்? மூணு ராத்தூக்கம் போச்சு எனக்கு. ஒருத்தரும் ஒரு வார்த்தை கேக்கல.

பத்தே நாள்ல லைன்காரன் தப்பைப் புடிச்சுக் குடுத்தேன். கேபிளை மாத்துனான், வேகம் வந்துருச்சு. வேலை முடிஞ்சுது. ஆனா அந்த டிரைவரை நான் எடுக்கல. இருக்கட்டுமேன்னு விட்டேன். நாளைக்கு இன்னொண்ணு வந்தா சாட்சி வேணுமில்ல?

ஒரே ஒரு தொல்லை. எழுதிக்கிட்டே இருந்தா ஃபைல் வீங்கிப்போகும். சித்திரையில ஒருநாள் டிஸ்க்கே நெறஞ்சிருச்சு. அதனால தெனமும் ஒருதடவை நிறுத்தி, டிரைவரைக் கழட்டி மறுபடி மாட்டி, புது ஃபைல்ல ஆரம்பிக்குற மாதிரி தானா நடக்க வச்சுட்டேன். ரெண்டு மூணு செகண்டு வேலை. சாயங்காலம் ஆறேகாலுக்கு. அப்பத்தான் ரிசப்ஷன்ல கூட்டம் கொறையும், யாருக்கும் எடைஞ்சல் இருக்காதுன்னு யோசிச்சு வச்ச நேரம் அது.

ஏன் அப்பிடிப் பாக்குறீங்க? உங்களுக்கு இப்பவே வெளங்கிருச்சு. கதையாக் கேக்கும்போது எல்லாருக்கும் வெளங்கும் சார். உள்ள உக்காந்திருக்குறவனுக்கு வெளங்காது.

சித்திரை கடைசியிலருந்து படம் பாதியில அறுந்துபோக ஆரம்பிச்சுது. தெனமும் இல்ல. படம் கொஞ்சமா இருந்தா ஆறேகாலுக்குள்ள போயிரும். நெறைய இருந்தா அறுந்துரும். அறுந்தா தானா மறுபடி போகாது, ஆளு வந்து பட்டனை அமுக்கணும். அந்தம்மா அதுக்குள்ள திரையை விட்டு எந்திரிச்சு, கெளம்புற வேலையில இருப்பாங்க. மறுநாள் காலையில வந்துதான் பாப்பாங்க.

டாக்டரம்மா மேனேஜரைக் கூப்புட்டுச் சொன்னாங்க. மேனேஜர் என்னையக் கேட்டாரு. நான் பாக்கெட் ஃபைலைத் தொறந்தேன். நல்லவேளை, ஓடிக்கிட்டே இருக்குன்னு எனக்குள்ள ஒரு பெருமை வேற. பாத்தா, புது ஃபைல்ல மொத வரி. மொத வரியே அதான். எங்க மெஷின் மதுரைக்குச் சொல்லுது, போதும், முடிச்சுக்குவோம்னு. மதுரை மூடல. நடுவுல லைன் மூடல. மூடுனது எங்க பக்கம் இருக்குற மெஷின், சகாயராணி உக்காருற கம்ப்யூட்டர். அதுக்கு முந்துன தடவை பாத்தேன், மொத வரி. அதுக்கும் முந்தி, மொத வரி. தேடவே வேணாம் சார், அவ்வளவு சுத்தமா மாட்டுச்சு. இருவது வருச சர்வீஸ்ல இப்பிடி ஒரு தெளிவான சாட்சியை நான் பாத்ததே இல்ல.

அந்தம்மாகிட்ட மொதல்ல தன்மையாத்தான் சொன்னேன். கோடு முடியுற வரைக்கும் இருந்துட்டுப் போங்கன்னு. அவங்க இருந்தாங்க. அதையும் மறைக்கல நான். நாலு நாளு ஆறே நாப்பதை விட்டுட்டு ஏழரை பஸ்ஸுக்குப் போனாங்க. அதுல ஒருநாள் போன் பண்ணாங்க. நான் இதே சேர்ல இருக்கேன், அவங்க கீழ, ஒரு மாடிதான். "சார், இப்ப அறுந்துருச்சு. நான் கையே வைக்கல. கொஞ்சம் எறங்கி வந்து பாருங்க"ன்னாங்க.

எனக்கு முட்டி வலி சார். அன்னிக்கு ரெண்டு தடவை ஏறி எறங்கியாச்சு. இங்கருந்தே ஃபைலைத் தொறந்து பாத்தேன். மொத வரி. அதே மெஷின். எறங்கிப் போய் என்னத்தைப் பாக்குறது? "இங்கயே தெரியுதும்மா"ன்னு சொல்லி வச்சுட்டேன். அவங்க இன்னொருக்காப் பட்டனை அமுக்குனாங்க, படம் போச்சு. அது போதும்னு விட்டாச்சு.

ஆடி மாசம், பழனி ரோட்டுல பைக்லருந்து விழுந்த ஒருத்தரைக் கொண்டாந்தாங்க. வெளிய அடி ஒண்ணுமில்ல, நல்லாத்தான் பேசிக்கிட்டிருந்தாரு. அதனால அவரு படமும் ஆறு மணிக் கூட்டத்தோட போச்சு. பாதியில அறுந்துருச்சு. அந்தம்மாவும் அன்னிக்கு ஆறே இருபதுக்குக் கெளம்பிட்டாங்க. வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்னாங்க. ரெண்டு மணிநேரம் யாரும் பாக்கல. அந்தாளு வாந்தி எடுத்து மயக்கமானப்புறந்தான் ரிப்போர்ட் எங்கன்னு தேடுனாங்க. மண்டைக்குள்ள ரத்தக்கட்டு. மதுரைக்குத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க. உசுரு இருக்கு. வலது கை வரல.

மறுநாள் மேனேஜர் ரூம்ல விசாரணை. நான், அந்தம்மா, அவரு, மூணே பேரு. நான் அச்சடிச்சு எடுத்துக்கிட்டுப் போயிருந்தேன், பதினேழு நாள் கணக்கு. மேனேஜர் என்னைக் கேட்டாரு, மூடுனது யாருன்னு. நான் என்ன சார் சொன்னேன்? "யாருன்னு பாக்கெட் சொல்லாது சார், எந்த மெஷின்னுதான் சொல்லும்"னேன். அந்த மெஷின்ல யாரு உக்காருறதுன்னாரு. சகாயராணின்னேன். கேட்டதுக்குப் பதில். கூட ஒரு சொல் இல்ல, கொறைய ஒரு சொல் இல்ல.

அந்தம்மா அவரைப் பாக்கல. என்னையத்தான் பாத்தாங்க.

"சௌந்தர் சார், பதினோரு வருசமா என்னையப் பாக்குறீங்க. நீங்க சொல்லுங்க, நான் மூடுறவளா?"

"நான் சொல்றதுக்கு என்னம்மா இருக்கு"ன்னேன். "பாக்கெட் பொய் சொல்லாது."

அழல சார். அதான் எனக்கு இன்னும் ஒரு மாதிரியா இருக்கு. அழுதிருந்தா நானும் ஏதாவது ரெண்டு வார்த்தை ஆறுதலாச் சொல்லியிருப்பேன். பேப்பரை வாங்கி, நானா விலகிக்கிறேன்னு எழுதிக் குடுத்துட்டு எந்திரிச்சுப் போயிட்டாங்க. அன்னிக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு எறங்கல. நானும் மனுசன்தான். ஆனா என் சங்கடத்தை யாரு கேட்டா?

அப்புறம் இளவரசுன்னு ஒரு பையனைப் போட்டாங்க. அவனுக்கு டூட்டி அஞ்சரைக்கே முடியும். அதனால படத்தை நாலரைக்கே அனுப்பிருவான். அறுந்ததே இல்ல. மேனேஜர் சொன்னாரு, பாத்தீங்களா, ஆளை மாத்துனதும் சரியாப்போச்சுன்னு. நானும் ஆமான்னேன். ஆமான்னுதான சொல்ல முடியும்? கண்ணு முன்னாடி சரியாப்போச்சே.

ஐப்பசியில ஒருநாள், நல்ல மழை. அவசரக் கேஸ் ஒண்ணு வந்து இளவரசுவைப் போக விடாம நிறுத்தி வச்சுட்டாங்க. ரிசப்ஷன் பிரிண்டர்ல பேப்பர் சிக்கிக்கிச்சுன்னு நானும் கீழதான் இருந்தேன். அவன் படத்தை அனுப்பிட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கான். பச்சைக் கோடு ஓடுது. நான் சும்மா அதைப் பாத்துக்கிட்டு நிக்கேன். திடீர்னு கோடு நின்னுருச்சு. திரையோட மூலையில அந்த விர்ச்சுவல் கார்டு பேரு ஒரு தடவை காணாமப் போயி, திரும்ப வந்துச்சு. மணியைப் பாத்தேன். ஆறேகால்.

அப்பத்தான் சார் வெளங்குச்சு. என் டிரைவரைக் கழட்டி மாட்டும்போது, அந்தக் கார்டும் அதோட ஒருதடவை விழுந்து எந்திரிக்குது. அது விழுந்ததும் படம் போற வழி அறுந்துருது. எந்திரிச்சதும் மெஷின் மதுரைக்கு "முடிச்சுக்குவோம்"ங்குது. அப்பத்தான் என் புது ஃபைலும் ஆரம்பிக்குது. அதான் மொத வரி. என்னிக்கும் மொத வரி. நான் பாக்குறதுக்குன்னு வச்சதே அதை அறுத்துக்கிட்டு இருந்திருக்கு.

மாடியேறி வந்தேன். அந்தத் தானா நடக்குறதை எடுத்தேன். டிரைவரையும் எடுத்துட்டேன். நாலு நிமிசம் ஆகல. அதுலருந்து இன்னிக்கு வரைக்கும் ஒரு படம் அறுந்ததில்ல. யாரு எந்நேரம் அனுப்புனாலும் போகுது. மாசக் கூட்டத்துல மேனேஜர் என் பேரைச் சொல்லி, மழைக்காலத்துலகூட லைனை இவ்வளவு சுத்தமா வச்சிருக்காருன்னு எல்லாரையும் கை தட்டச் சொன்னாரு. நான் எந்திரிச்சுக் கும்பிட்டேன். வேற என்ன செய்ய?

இல்ல, மேனேஜருக்குத் தெரியாது. அவரு கேக்கல. நானாப் போயி எதுக்குச் சார்? அந்தாளு கை திரும்பவா போகுது? அந்தம்மாவும் எழுதிக் குடுத்துட்டுப் போனவங்கதான், யாரும் நீக்கல. அதோட இது என் தப்புன்னும் முழுசாச் சொல்ல முடியாது. அந்த டிரைவர் பழைய வெர்ஷன். புதுசுல அப்பிடிக் கார்டு விழுகாதுன்னு அதைச் செஞ்ச கம்பெனிக்காரனே போட்டிருக்கான். அப்பிடிப் பாத்தா அவன் தப்பு. எனக்கும் ஒரு பொண்ணு காலேஜ் படிக்குது. நாப்பத்தெட்டு வயசுல என்னைய வெளிய அனுப்புனா எவன் சேத்துக்குவான்?

நீங்க கேட்டீங்க, சொல்லிட்டேன். நாலு மாசமா யாருகிட்டயும் சொன்னதில்ல, வீட்டுலகூட. உங்ககிட்டத்தான். கொஞ்சம் லேசா இருக்கு சார். நெசமாவே லேசா இருக்கு. போயி உங்க டாக்டர்கிட்டச் சொல்லுங்க. சகாயராணி மாதிரி ஒரு கை கெடைக்காது, தைரியமாச் சேத்துக்கங்கன்னு சொல்லுங்க.

என்னது அது? ஃபாரமா?

எழுதிக் குடுக்கணுமா? வாயாலச் சொன்னா உங்க டாக்டர் ஒத்துக்கமாட்டாரா? சரிதான், ஊரு பூராம் ஒண்ணு பேசும்போது நீங்க ஒருத்தர் போயி மாத்திச் சொன்னா அவரு யாரு சொன்னதுன்னுதான் கேப்பாரு. அது புரியுது. ஆனா என் பேரு போட்டு, இந்த எடத்துச் சீல் வச்சு... அது மேனேஜர் மேசைக்கு வராமயா போயிரும்? உங்க டாக்டர் அவருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டாருன்னா முடிஞ்சுது கதை. பைக்லருந்து விழுந்த அந்தாளு வீட்டுல வக்கீலு வச்சிருக்காங்கன்னு வேற பேச்சு.

இருங்க, எந்திரிக்காதீங்க. சும்மா அனுப்பிட்டேன்னு இருக்க வேண்டாம். சகாயராணி நம்பிக் குடுத்த பேரு என்னோடது. ஏதாவது ஒண்ணு எழுதித்தான் குடுக்கணும். பேனாவைக் குடுங்க. வேலையை விட்ட காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, இங்கதான? "பதினேழு தடவையும் இணைப்பு மூடப்பட்டது மேற்படியார் பணிபுரிந்த கணினியிலிருந்தே." இதைப் போடுறேன். இதுக்குக் கையெழுத்துப் போட எனக்கு ஒரு பயமும் இல்ல சார். கோர்ட்டுல கேட்டாக்கூட நின்னு சொல்லுவேன்.

என்ன சார்? படிச்சுப் பாருங்க. இதுல பொய் எங்க இருக்கு?